துன்பத்தின் மூலம் தேடிய வைத்தியர்: பண்டிதர் அயோத்திதாசர்

ஜவ்வாது மலையின் அடிவாரத்து ஊர்களில் இழவு விழுந்த வீட்டிலும், விளைச்சல் பொய்த்த வீட்டிலும், பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்திய வீட்டிலும் ஒரு சொல் தவறாமல் ஒலிக்கும். தலையெழுத்து என்பது அச்சொல். அதன் பின்னாலேயே ஓர் ஆறுதலும் வரும். பட்ட துன்பம் வீண்போகாது, பட்டவனுக்கே பக்குவம் வாய்க்கும் என்பர். 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றவர்கள் எனக் கூறப்பட்ட தமிழ்த் தொழிலாளர் இருபதின்மர் சுட்டுக் கொல்லப்பட்டனர். மாண்டவருள் நம் மலையைச் சேர்ந்தவரும் இருந்தனர். அவ்வுடல்கள் ஊர் வந்து சேர்ந்த நாளிலும் விதி என்று சொல்லித் தேற்றியவர்கள் உண்டு. தேற்றியவர்களைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. வேறு சொல் அவர்களுக்குக் கற்பிக்கப்படவில்லை.

வேறு சொல் ஒன்று உண்டு என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதியும் பேசியும் வந்தவர் பண்டிதர் க. அயோத்திதாசர். துன்பம் மனிதனுக்கு நன்மை பயக்கும் பொருளா, களையத்தக்க நோயா என்னும் வினாவோடு ஏறத்தாழ அறுபத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்து மறைந்தவர் அவர். கல்விக்கென நாம் நடத்திவரும் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அவர்தம் வரலாற்றைச் சொல்வது கடமையென்றே கருதுகின்றேன்.

பண்டிதர் 1845 மே 20ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். காத்தவராயன் கதையைக் கூத்தில் கண்டவர்கள் நம்மிடையே பலர் இருப்பர். மேற்குலத்துப் பெண்ணை விரும்பியதற்காகக் கழுவேறியவன் அவன். கழுவேறியவனைத் தெய்வமாக்கி வணங்கிய நாம், கழுமரத்தை நட்டவன் யார் என்று கேட்டதில்லை. அப்பெயரைத் தாங்கிப் பிறந்த பிள்ளை பிற்காலத்தில் அக்கேள்வியையே தம் வேலையாக்கிக்கொண்டது. தமக்குத் தமிழும் வைத்தியமும் கற்பித்த ஆசிரியர் அயோத்திதாச கவிராஜ பண்டிதர்பால் கொண்ட பேரன்பினால், ஆசிரியர் பெயரையே அவர் தம் பெயராக ஏற்றார்.

அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பார், ஹாரிங்டன் என்னும் ஆங்கிலேயரின் இல்லத்தில் சமையற் பணி பார்த்தவர். குடும்பத்தில் காத்துவந்த திருக்குறள், நாலடி நானூறு ஆகியவற்றின் ஏடுகளை அவர் ஹாரிங்டன் வழியாக எல்லிஸ் துரைக்கு அளித்தார் என்று பண்டிதர் பதிவு செய்துள்ளார். திருக்குறள் 1812இல் முதன்முதல் அச்சேறியது. சமையற்கட்டில் நின்ற ஒருவரின் வீட்டில் திருக்குறள் ஏடு இருந்தது என்பதைப் படிக்கும்போது, எழுத்தறிவு நமக்கு அண்மையில் யாரோ இட்ட பிச்சை என்று நினைப்பவர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

பண்டிதர் பாலி, வடமொழி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். தொழிலோ சித்த வைத்தியம். இதனை ஒரு செய்தியாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோவோர் பலர். அவருடைய சிந்தனை முழுவதற்கும் திறவுகோல் இத்தொழிலில்தான் உள்ளது என்பது என் எண்ணம். வைத்தியன் காய்ச்சலைப் புகழ்வதில்லை. காய்ச்சல் பொய்த்தோற்றம் என்று சொல்லி நோயாளியை அனுப்பிவிடுவதும் இல்லை. நாடியைப் பிடித்துப் பார்க்கின்றான். வாதமா, பித்தமா, ஐயமா என்று காரணம் தேடுகின்றான். காரணம் தெரிந்தபின் மருந்தும் பத்தியமும் சொல்கின்றான். இம்முறையைப் பண்டிதர் உடலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை.

எனினும் தொடக்கத்திலேயே அவர் இத்தெளிவை அடைந்துவிட்டார் என்று சொல்வது வரலாறு ஆகாது. இளமையில் நீலகிரியில் வாழ்ந்த காலத்தில் அவர் அத்வைதக் கொள்கையில் ஈடுபாடு கொண்டிருந்தார். 1876ஆம் ஆண்டளவில் அங்கே அத்வைதானந்த சபை ஒன்றையும் நிறுவினார். உள்ளது ஒன்றே, வேற்றுமை யாவும் மாயை என்னும் தத்துவம் சாதியால் நசுக்குண்ட ஒருவருக்கு எத்துணை இனிப்பாக இருந்திருக்கும் என்பதை நாம் உணரலாம். எல்லாரும் ஒரே பிரம்மம் என்றால் தீண்டாமைக்கு இடமேது? ஆனால் அதே 1876 முதல் 1878 வரைதான் சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. நம் வட ஆர்க்காடும் அண்டையிலுள்ள சேலமும் அதில் பெரிதும் அழிந்தன. மாகாணத்தில் மடிந்தோர் தொகை பல இலட்சம். பசியை மாயை என்று கூறும் தத்துவம் பஞ்சத்தின் முன் நிற்கவல்லதா? பண்டிதரின் மனம் எந்த நாளில் திரும்பிற்று என்று சுட்டிக் காட்டுதல் இயலாது. அடுத்த பத்தாண்டுகளில் அவர் செய்த செயல்களோ, துன்பத்தை மெய்யென்று கொண்ட ஒருவரின் செயல்களாகவே உள்ளன.

1881இல் குடிக்கணக்கு எடுக்கப்பட்டபோது, நம் மக்களை ஆதித் தமிழர் எனப் பதிய வேண்டும் என்று அவர் அரசுக்கு விண்ணப்பித்தார். 1885இல் ஜான் ரத்தினம் போதகருடன் சேர்ந்து திராவிட பாண்டியன் என்னும் இதழை வெளியிட்டார். நம் மக்கள் இந்துக்கள் அல்லர் என்று 1886இல் அறிவித்தார். 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவி, அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளில் உதகையில் மாநாடு கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றச் செய்தார்.

மறு ஆண்டு நிகழ்ந்தது சற்று விரித்துச் சொல்லத்தக்கது. 1892 ஏப்ரலில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சென்னை மகாஜன சபையின் கூட்டம் கூடியது. நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்ற பண்டிதர், விஷ்ணு கோயிலிலும் சிவன் கோயிலிலும் நம் மக்களை அனுமதிக்காதது ஏன் என்று அவையில் கேட்டார். அவை கொதித்தெழுந்தது. தஞ்சையிலிருந்து வந்திருந்த பிரதிநிதி ஒருவர், உங்களுக்கென்று மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணனும் இருக்க எங்கள் தெய்வம் எதற்கு என்னும் பொருள்பட மறுமொழி கூறினார். அப்படியானால் உங்கள் தெய்வம் எங்களுக்கு வேண்டியதில்லை என்று பண்டிதர் அக்கோரிக்கையை அங்கேயே கைவிட்டார். கைவிட்டு வாளாவிருந்தாரில்லை. நம் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை சம்பளமில்லாக் கல்வி வேண்டும். ஊர்களிலுள்ள தரிசு நிலங்களை நம்மவருக்கு அளிக்க வேண்டும் என்று கேட்டார். அவை இவற்றை ஏற்றது.

மண்டபம் நிறைந்த கூட்டத்தில் பட்ட அவமானத்தைத் தவமென்றோ, இறைவன் வைத்த சோதனையென்றோ அவர் கொள்ளவில்லை. இந்த மருந்து பலிக்காது என்று கண்டதும் வேறு மருந்துக்குச் சென்றார். பள்ளியும் நிலமும் என்று அவர் அன்று கேட்ட இரண்டும் இன்றளவும் நம் மன்றாட்டில் இருந்து நீங்கவில்லை என்பதை ஜவ்வாது மலையடிவாரத்தில் வாழும் நமக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் நம் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, அதே 1892இல் அரசு நிலம் வழங்கும் ஆணையைப் பிறப்பித்தது. பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்றவை அவையே. அவற்றுள் எவ்வளவு இன்று நம்மவர் கையில் உள்ளது என்னும் கதை தனி மலருக்குரியது.

கல்விக்கு வழி தேடிய பண்டிதர், அடையாற்றில் பிரம்மஞான சபையை நடத்திவந்த கர்னல் ஆல்காட்டை அணுகினார். 1894இல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென்று இலவசப் பள்ளியைத் தொடங்கினார். தொடர்ந்து வேறு பள்ளிகளும் எழுந்தன. அவற்றுள் ஒன்று திருவள்ளுவர் பெயரைத் தாங்கியது. 1898இல் பண்டிதர் ஆல்காட்டுடன் இலங்கைக்குச் சென்றார். ஆசிரியர் பி. கிருஷ்ணசாமியாரும் உடன் சென்றார். கொழும்பில் வித்தியோதய பிரிவேனாவின் தலைவர் சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் ஏற்றுப் பௌத்தரானார். திரும்பிவந்து அவ்வாண்டிலேயே சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார்.

பல சமயங்கள் இருக்கப் பௌத்தத்தை அவர் ஏன் தேர்ந்தார்? நம் முன்னோர் பௌத்தராக இருந்து, வேடதாரிகளின் பகைமையால் தாழ்த்தப்பட்டனர் என்பது அவர் கண்ட வரலாறு. அவர் காட்டிய சொல்லாராய்ச்சிகளை எல்லாம் இன்றைய வரலாற்றாசிரியர்கள் ஒப்புவதில்லை. ஆயினும் அவ்வாராய்ச்சியின் உட்கிடை முக்கியமானது. தாழ்வு பிறப்போடு வந்ததன்று. ஒரு காலத்தில் சிலரால் உண்டாக்கப்பட்டது. உண்டான காலம் ஒன்று இருக்குமாயின் ஒழியும் காலமும் இருக்கும். மற்றொரு காரணமும் உண்டு. துக்கம் உள்ளது, அதற்குக் காரணம் உள்ளது, அதன் நீக்கம் உள்ளது, நீக்கும் மார்க்கம் உள்ளது என்று புத்தர் வகுத்த நான்கும் ஒரு வைத்தியனின் வரிசையே ஆகும். நோயாளியின் கட்டிலருகே பண்டிதர் நாள்தோறும் செய்துவந்ததும் அதுவே. தம்மைத்தாமே பட்டினியால் வாட்டிப் பார்த்த புத்தர், அதனால் பயனில்லை என்று அவ்வழியைக் கைவிட்டார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. பண்டிதர் 1912இல் வெளியிட்ட புத்தரது ஆதிவேதம் அப்பெருமானின் வரலாற்றைத் தமிழ் நூல்களின் துணைகொண்டு சொல்கின்றது.

முதுமையும் சாவும் எல்லாருக்கும் உண்டு. அவற்றை எந்தச் சங்கமும் ஒழித்துவிட முடியாது. ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளக்கூடாது என்னும் துன்பம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. இவ்விரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாழ்வே துன்பம் என்று சொல்லிவிட்டால், கிணற்றைப் பூட்டியவன் தப்பித்துக்கொள்வான். டாக்டர் அம்பேத்கர் 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அடுத்த ஆண்டு வெளிவந்த தம் பெருநூலின் முன்னுரையில், வாழ்வும் சாவும் மறுபிறப்பும் துக்கமே என்றால் மனிதனுக்கு நம்பிக்கை எங்கே என்று நான்கு வாய்மைகளைப் பற்றியே ஐயம் எழுப்பினார். அவ்வையத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே பண்டிதரின் செயல் ஒரு விடையாக இருந்தது எனலாம்.

துன்பத்துக்குச் சிறிதும் பயனில்லையா என்று கேட்பாருக்கு ஒரு செய்தி கூற விரும்புகின்றேன். பண்டிதர் மறைந்த 1914ஆம் ஆண்டில் கொல்லிமலையில் பிறந்தவர் டாக்டர் பால் பிராண்ட். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்த அவர், தொழுநோயாளரின் விரல்கள் சிதைவது நோயினால் நேரே நிகழ்வதன்று, வலி உணராமையால் தீயிலும் கூர்முனையிலும் தம்மையறியாமல் பட்டுப் பட்டுச் சிதைகின்றன என்று கண்டு காட்டினார். ஆகவே வலி ஒரு காவற்காரன் என்பது உண்மையே. ஆனால் காவற்காரன் கூவுவது நாம் எழுந்து திருடனை விரட்டுவதற்காக. கூவலைக் கேட்டு இன்புற்றுப் படுத்திருப்பதற்கு அன்று. தலையெழுத்து என்று சொல்லிப் பழகிய ஊர், மரத்துப்போன விரலுக்கு ஒப்பாகும் என்று எனக்குத் தோன்றுகின்றது.

1907 ஜூன் 19ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழைப் பண்டிதர் தொடங்கினார். விலையே பெயராயிற்று. ஓராண்டுக்குப் பின் தமிழன் என்று பெயர் சுருங்கியது. சமயம், வரலாறு, அரசியல், வைத்தியம், வேளாண்மை அனைத்தும் அதில் இடம்பெற்றன. சுதேசியம் முழங்கிய நாள்கள் அவை. தம்மவருக்கே நீரும் வழியும் மறுப்போர் யாரிடம் சுயராஜ்யம் கேட்கின்றனர் என்னும் கேள்வியைத் தமிழன் விடாமல் எழுப்பியது. பண்டிகைகளைக்கூட அவர் வைத்தியக் கண்ணால் பார்த்தார். தீபாவளியை எள்ளின் நெய்யைக் கண்டறிந்து முழுகிய நாளாகவும், கார்த்திகைத் தீபத்தை ஆமணக்கு நெய்யைக் கண்டறிந்து மலையுச்சியில் ஏற்றிச் சோதித்த நாளாகவும் விளக்கினார். திருவண்ணாமலைத் தீபத்தைக் கண்டு வளர்ந்த நமக்கு இது வியப்பாக இருக்கலாம். தெய்வத்தின் சினமும் அருளும் இருந்த இடத்தில், உடல் நோவைத் தணிக்க மனிதன் கண்ட பொருளை அவர் வைத்தார்.

நம் பக்கத்துக்கும் தமிழனுக்கும் தொடர்பு உண்டு. கோலார் தங்கச் சுரங்கங்களில் 1880 முதல் ஆங்கிலக் கம்பெனி வேலை தொடங்கியபோது, வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பகுதிகளிலிருந்தே நம் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்றனர். சோலையார்பேட்டையில் இரயிலேறி பௌரிங்பேட்டையில் இறங்கி மாரிக்குப்பம் சேர்வது அவர்கள் வழி. பூமிக்கடியில் பாறை வெடித்தும், தூசு நுரையீரலில் படிந்தும் மாண்டோர் பலர். ஆயினும் கூலியாகக் காசு கைக்கு வந்தது. பண்ணையாள் என்னும் பெயர் போயிற்று. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் பௌத்த சங்கங்கள் எழுந்தன. தமிழனை வாங்கிப் படித்தோரும் பொருளுதவி செய்தோரும் அவர்களே. சுரங்கத்தின் துன்பம் அவர்களை உயர்த்தியது என்று யாரேனும் எழுதினால் நான் உடன்படேன். பண்ணையிலும் துன்பம் இருந்தது. அது யாரையும் உயர்த்தவில்லை. கூலியும், படிப்பும், கூடிப் பேச ஓரிடமும் சுரங்கத்தில் கிடைத்தன.

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உளது. பண்டிதர் தம் எழுத்தில் தாழ்த்தப்பட்டோர் என்றும் தாழ்ந்தோர் என்றும் பிரித்தார். முன்னவர் பகையால் வீழ்த்தப்பட்ட பழம்பௌத்தர். பின்னவர் இயல்பிலேயே கீழ்நிலையினர் என்பது அவர் கருத்து. பின்னவர் வரிசையில் அருந்ததியரையும் குறவரையும் வில்லியரையும் துப்புரவுத் தொழில் செய்வோரையும் வைத்தார். நம் மாலை வகுப்புகளில் அருந்ததியர் பிள்ளைகளும் இருளர் பிள்ளைகளும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து படிக்கின்றனர். அவர்கள் கையில் இம்மலரும் போகும். பண்டிதரைப் புகழ்ந்து இப்பகுதியை மட்டும் விழுங்கிவிடுவது அப்பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகமாகும். நேற்று இரங்கத்தக்க நிலையில் இருந்தவன் இன்று மற்றொருவனைக் கீழே வைக்கின்றான். நம் சேரிகளில் நாம் அன்றாடம் காணும் காட்சி இது. அவமானம் மனிதனைக் கனியவைக்கும் என்றால், விக்டோரியா மண்டபத்தில் அவ்வளவு அவமானம் பட்டவருக்கு அது முதலில் வாய்த்திருக்க வேண்டும். வாய்க்கவில்லை. துன்பம் பக்குவம் தரும் என்னும் ஆறுதல் மொழியை நான் நம்பாததற்கு இதுவே பெருங்காரணம். அவருடைய முறையைக் கைக்கொண்டே அவருடைய இப்பிழையையும் நாம் சோதிக்கலாம். எந்தத் தாழ்வும் இயல்பன்று, காரணம் தேடு என்று கற்பித்தவர் அவர்தாமே.

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் இராயப்பேட்டையில் காலமானார். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் தமிழனை நடத்தினார். பின் அது நின்றது. 1926இல் கோலார் தங்கவயலிலிருந்து ஜி. அப்பாதுரையார் அதனை மீண்டும் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்தினார். தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காத்தது. அதன்பின் நெடுங்காலம் தமிழ்நாடு அவரை மறந்திருந்தது. பழைய தமிழன் இதழ்களிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த சிந்தனைகள் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்தபோது பலர் முதன்முறையாக அவர் எழுத்தைக் கண்டனர். கோலார்ச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன.

2005இல் தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனைக்குப் பண்டிதரின் பெயர் சூட்டப்பெற்றுள்ளது. காலையில் அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு நிற்போருள் பலருக்கு அப்பெயர் யாருடையது என்று தெரியாது. அவர்கள் நோய் நீங்கவேண்டி வந்திருக்கின்றனர்.